அண்ணி பேருக்கு ஒரு முழுக்கு

என்னை இந்தியாவுக்கு அனுப்பி வைத்தது என் அண்ணியின் முழங்கால் வலிதான்.

நான் கண்டியில் பிறந்தவன். நாற்பத்தைந்து வயது வரை கண்டி ஏரியைச் சுற்றி வந்ததைத் தவிரப் பெரிய யாத்திரை எதுவும் செய்ததில்லை. தொழில், ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துவது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மருந்து விளம்பரம் என்று எது வந்தாலும் எழுத்து எழுத்தாகப் படிப்பேன். அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டு, தெருவில் போகும்போதும் ஒரு பலகையை விடமாட்டேன். சாப்பாட்டு இலைக்கு அடியில் விரித்த பழைய காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று என் மனைவி சொல்லுவாள். அது பொய்யில்லை.

அண்ணி முசிறிக்காரி. அண்ணன் அங்கே போய்த் தாலி கட்டி, கப்பலேற்றி அழைத்து வந்தபோது எனக்கு ஏழு வயது. அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் அம்மா இறந்திருந்தாள். வந்த நாளிலிருந்து எனக்குத் தலைவாரிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்து, பள்ளிக்கு அனுப்பி, பிற்பாடு எனக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்தது வரை எல்லாம் அண்ணிதான். அவளுக்குக் குழந்தை இல்லை. அண்ணன் காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் எங்களோடுதான் இருக்கிறாள். என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை. இந்த வருஷம்தான் முதல் முதலாகக் கேட்டாள்.

"தம்பி, ஐப்பசி முடியறதுக்குள்ள காவேரிக்குப் போயி எம் பேருக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு வா. ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துல. இந்தக் கால் இனிமே கடல் தாண்டாது."

முசிறியிலும் அதே காவேரிதானே ஓடுகிறது என்று கேட்டேன். ஐப்பசியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுகுவது தனி என்றாள். சின்ன வயதில் ஒரு தரம் வீட்டில் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு போனார்களாம். இவளுக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அதை அவள் சொன்ன விதத்தில், போன வாரம் நடந்தது போல இருந்தது. அச்சுக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருச்சிராப்பள்ளியில் நான் இறங்கியபோது ஐப்பசிக்கு இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. ஒரு நாளை ஊர் பார்க்க ஒதுக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்காக்காரர் என் பெட்டியைக் கேட்காமலே தூக்கி வண்டியில் வைத்தார். நரைத்த தாடி, தலையில் குல்லா, பேச்சில் அவசரமே இல்லை. எல்லோரும் அவரைப் பாய் என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

"எங்கேருந்துங்க வர்றீங்க?"

"கண்டி."

"சிலோனா? அப்ப மொதல்ல தெப்பக்குளம், அப்புறம் மலைக்கோட்டை. அதைப் பாக்காம போனா ஊருல உங்களை யாரும் நம்ப மாட்டாங்க."

தெப்பக்குளத்தைக் கண்டதும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் ஏரியின் நடுவிலும் ஒரு சின்னத் தீவு உண்டு. இங்கே அதற்குப் பதில் ஒரு மண்டபம். மற்றபடி இரண்டுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஏரியைச் சுற்றி மரமும் மதிலும் மௌனமும்தான். துரைகள் மாலையில் நாயைப் பிடித்துக்கொண்டு உலாத்துவார்கள். தெப்பக்குளத்தைச் சுற்றியோ கடைகள் தோளோடு தோள் உரசுகின்றன. படியில் ஒருவர் பல் துலக்குகிறார். இன்னொருவர் அடுத்த படியில் ஜபம் பண்ணுகிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி வளையல்காரரிடம் சண்டை பிடிக்கிறாள். தலைக்கு மேலே அத்தனை பெரிய பாறை உட்கார்ந்திருக்கிறதே என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கத்துக் காபி கிளப்பில் இட்லி சாப்பிட்டேன். சட்னி ஒரு வாளியில் வந்தது. வேண்டுமா என்று கேட்காமல் ஊற்றிக்கொண்டே போனார்கள். தேயிலை மலையிலேயே குடியிருந்தும் நாங்கள் குடிப்பது தூசித் தேநீர்தான். நல்லது எல்லாம் பெட்டியில் அடைத்துச் சீமைக்குப் போய்விடும். இங்கே வந்த காபியின் வாசனையில் நான் இரண்டு டம்ளர் குடித்து, மூன்றாவதும் கேட்டேன். "சிலோன்காரருக்கு இன்னொண்ணு" என்று பரிமாறுகிறவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் எந்த ஊர் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

மலைக்கோட்டைப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். நூற்றுச் சொச்சத்தில் ஒரு குரங்கு என் துண்டைப் பிடித்து இழுத்தது. அதில் எண்ணிக்கை தவறிவிட்டது. வழியில் உள்ள குகையில் பழங்காலத்து எழுத்துகள் வெட்டியிருந்தன. ஒன்றும் விளங்காவிட்டாலும் அரை மணி நேரம் அவற்றின் முன்னால் நின்றேன். "படிச்சிட்டீங்களா?" என்று இளநீர் விற்பவர் கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்ல, இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல" என்று சொல்லி ஓர் இளநீரைச் சீவி நீட்டினார்.

உச்சியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் காலடியில் ஊர் முழுவதும் கிடக்கிறது. வடக்கே காவேரி, அதற்கு அப்பால் கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்புக்குள் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். மழைக்காலம் என்பதால் ஆறு கரை முட்டி ஓடியது. அண்ணி நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த தண்ணீர் அதுதானே என்று நினைத்தேன். நாளைக்குக் காலையிலேயே போய்விடுவது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் விடிந்ததும் பாயின் வண்டியில் காவேரிப் பாலத்தைத் தாண்டினோம். அம்மா மண்டபத்தில் ஜனங்கள் அடை அடையாக இருந்தார்கள். நான் போன சமயம், கோயில் யானை பொற்குடத்தில் காவேரித் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. முன்னால் மேளம், பின்னால் குடை. வருஷத்தில் மற்ற மாதங்களில் பெருமாளுக்குக் கொள்ளிடத்துத் தண்ணீராம். ஐப்பசி ஒன்றில்தான் காவேரிக்கு அந்தப் பாக்கியம். கண்டியில் பெரஹரா ஊர்வலத்து யானைகளை நூற்றுக்கணக்கில் பார்த்தவன் நான். ஆனால் தினமும் வேலைக்குப் போகும் யானையை அன்றுதான் பார்த்தேன். அது யாரையும் லட்சியம் செய்யாமல் நேராக நடந்தது.

படித்துறையில் சங்கல்பம் செய்து வைக்கும் சாஸ்திரிகள் ஒருவரைப் பிடித்தேன். ஒல்லியான மனிதர், குளிரில் குரல் கம்மியிருந்தது. பிறருக்காக முழுகுவதானால் அவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டுத்தான் முழுக வேண்டும். அது வழக்கம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பதினோரு பெயர் சொல்லிப் பதினோரு முழுக்குப் போட்டு, நடுங்கிக்கொண்டு கரையேறினார்.

"யாருக்காக?" என்று சாஸ்திரிகள் கேட்டார்.

"என் அண்ணிக்கு."

"பேஷ். நட்சத்திரம்?"

"உத்திரட்டாதி." மாதா மாதம் அந்த நாளில் அண்ணி கோயிலுக்குப் போவாள். அதனால் தெரியும்.

"பேரு?"

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

"அண்ணி" என்றேன்.

"அது உறவுன்னா. பேரு என்னன்னு கேக்கறேன்."

இடுப்பளவு தண்ணீரில் நின்று யோசித்தேன். அண்ணன் அவளை 'இந்தா' என்பார், 'இங்கே பார்' என்பார். என் மனைவி 'அக்கா' என்பாள். என் குழந்தைகளுக்குப் பெரியம்மா. அக்கம் பக்கத்தில் எல்லோருக்கும் பெரியவங்க. பால் கொண்டுவரும் சிங்களவர் அம்மே என்பார். கடிதம் வந்தால் என் பெயருக்கு வரும். என் கல்யாணப் பத்திரிகையை நானே பிழை பார்த்தேன். அதில் அண்ணன் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் என்னை வளர்த்தவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை.

சாஸ்திரிகள் நல்லவர். சிரிக்கவில்லை. "நாளன்னிக்குக் கடைமுகம். ஐப்பசி கடைசி நாள். விசேஷமான நாள்தான். கேட்டுண்டு வந்துடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

என் கதையைக் கேட்ட பாய் குதிரைக்குப் புல்லைப் போட்டபடி சொன்னார்: "இதுக்கா இவ்வளவு யோசனை? ஒரு தந்தி குடுங்க. நாளைக்கே ஜவாப் வந்துடும்."

தபாலாபீசுக்குப் போய்த் தந்திக் காகிதமும் வாங்கினேன். எழுதவும் ஆரம்பித்தேன். பிறகுதான் யோசித்தேன். தந்தி என் மனைவி கைக்குப் போகும். அவள் நேரே அடுப்பங்கரைக்குப் போய், "அக்கா, உங்க பேரு என்னன்னு உங்க கொழுந்தனார் தந்தி அடிச்சிருக்காரு" என்பாள். அப்போது அண்ணியின் முகம் எப்படி இருக்கும்? அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது. காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். என்ன ஆனாலும் அந்தக் கேள்வி கண்டிக்குப் போகக் கூடாது, கடைமுகத்துக்குள் பெயரைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"எங்க ஜனத்துல பொம்பளைங்க பேரை வெளியில சொல்ற வழக்கம் கெடையாதுங்க" என்றார் பாய். சற்றுப் பொறுத்து, "ஆனா எனக்குத் தெரியும்ங்க" என்று சேர்த்துக்கொண்டார். அவர் குத்திக் காட்டவில்லை, ஆனாலும் எனக்குக் குத்தியது.

மிச்சப் பகலில் ஸ்ரீரங்கம் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மதில்கள், மதிலுக்கு மதில் வீதிகள், வீடுகளே கோயிலுக்குள் இருக்கின்றன. தெற்கே முடிவு பெறாத ஒரு பெரிய மொட்டைக் கோபுரம். இதை ஏன் கட்டி முடிக்கவில்லை என்று மூன்று பேரைக் கேட்டேன். மூன்று விதமான பதில் கிடைத்தது. மூன்றையும் நம்பினேன். ஆயிரங்கால் மண்டபத்தில் கல் குதிரைகள் பாய்ந்து நிற்கின்றன. பிரசாதமாக வாங்கிய புளியோதரையில் மிளகு நாக்கைச் சுட்டது. வேறு நாளாக இருந்தால் அந்த ஊரைப் பற்றி ஒரு புஸ்தகமே எழுதியிருப்பேன். அன்று எந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தாலும் இவள் பெயர் என்னவாக இருக்கும், இவள் வீட்டில் யாருக்காவது அது தெரியுமா என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை முசிறி பஸ் பிடித்தேன். பிடித்தேன் என்பதைவிட, பஸ் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது என்பது சரி. ஆள் நிரம்பாமல் டிரைவர் எடுக்கமாட்டார். ஆள் நிரம்பிய பிறகும் இரண்டு கூடை வெற்றிலைக்காகக் காத்திருந்தார். புறப்பட்ட பிறகு பக்கத்து ஸீட்டு அம்மாள் என்னை விசாரிக்க ஆரம்பித்தாள். எத்தனை குழந்தை, என்ன சம்பளம், அக்கரையில் அரிசி நல்ல அரிசியா, ஏன் இப்படி இளைத்திருக்கிறீர்கள். கண்டியில் ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள் தொப்பியைத் தொட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இந்த அம்மாள் பத்து மைலுக்குள் என் சரித்திரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, அதைப் பின் ஸீட்டுக்கும் சொல்லிவிட்டாள்.

நடுவழியில் எஞ்சின் கொதித்து ஆவி விட்டது. எல்லோரும் இறங்கி மரத்தடியில் நின்றோம். கண்டக்டர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். ஒரு பக்கம் வாழைத்தோட்டம், மறுபக்கம் கரையை ஒட்டிக் காவேரி. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "சூடு ஆறணும்ங்க" என்றார் கண்டக்டர். அதற்கு மேல் அவரிடம் விவரம் பெயரவில்லை. முசிறியில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

ஆற்றங்கரைத் தெருவில், கண்டிக்குப் பெண் கொடுத்த வீடு எது என்று கேட்டேன். அந்த வீடு கைமாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். அண்ணியின் பக்கத்தில் உறவு என்று யாரும் மிச்சமில்லை. ஆனால் அடுத்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். அறுபது வயதுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். பெயர் பாக்கியத்தம்மாள். இந்த ஊரில் முதலில் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று நான் புத்தி கொள்முதல் செய்திருந்தேன். நான் யார் என்பதையும் சொன்னேன்.

"அட, நம்ம பாப்பா கொழுந்தனாரா? உள்ள வாங்க. வாசல்லயே ஏன் நிக்கிறீங்க? பாப்பா நல்லாருக்காளா? இன்னும் வெல்லத்தைத் திருடித் திங்கிறாளா?"

கை அலம்பத் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், மோர் எல்லாம் வந்தன. அண்ணி வெல்லம் திருடித் தின்றாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது. வளைத்து வளைத்துக் கேட்டேன்.

"சின்ன வயசிலே அண்ணியை எல்லாரும் எப்படிக் கூப்பிடுவீங்க?"

"பாப்பாதான். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. அப்பவும் பாப்பாதான், கல்யாணத்தன்னிக்கும் பாப்பாதான்."

"பள்ளிக்கூடத்திலே?"

"பொட்டப்புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாங்க அப்பல்லாம்?"

"கல்யாணப் பத்திரிகை ஏதாவது..."

"மஞ்சத்தண்ணி தெளிச்ச ஓலையா குடுத்தாங்க? வாயால சொல்லிட்டுப் போனாங்க." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்னதான்ங்க வேணும்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாக்கியத்தம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கும் தெரியலியே" என்றாள். "சேந்து கோலம் போட்டிருக்கோம், ஒரே தட்டுல தின்னிருக்கோம். பாப்பாங்கிறதுக்கு மேல நான் கேட்டதே இல்ல."

திடீரென்று அவள் எழுந்து உள்ளே போனாள். ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய பித்தளைத் தவலையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது பாப்பா வீட்டுதுங்க. எங்க நாத்தனார் கல்யாணத்துக்கு இரவல் வாங்கினது. திருப்பிக் குடுக்கறதுக்குள்ள அவங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. வீடும் பூட்டிப் போச்சு. அப்படியே இங்க தங்கிடுச்சு. பொண்ணு கல்யாணத்துக்குன்னு சேத்த பாத்திரம்னு அந்தம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. பேரு வெட்டாமயா வாங்கியிருப்பாங்க?"

புளி போட்டுத் தேய்த்தாள். பச்சை நிறம் போகப் போக, கழுத்தை ஒட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்து தெளிந்தது. நான் குனிந்து, தொழில் முறைப்படி ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். தையல்நாயகி.

"தையல்நாயகியா?" என்றாள் பாக்கியத்தம்மாள், முதன்முதலாக ஒருவரைப் பார்ப்பது போல. பிறகு என்னைக் கேட்டாள்: "அவ கொண்டுபோன குடத்துலயும் டம்ளர்லயும் இதே மாதிரிதானே வெட்டியிருக்கும்? நீங்க பாத்ததே இல்லியா?"

எங்கள் வீட்டுச் செம்பின் விளிம்பில் சில புள்ளிகள் உண்டு. முப்பத்தெட்டு வருஷமாக அதில் தண்ணீர் குடிக்கிறேன். ஊரிலுள்ள பலகை எல்லாம் படித்தவன், உதட்டில் வைக்கிற செம்பைத் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட வருத்தமாக இருந்தது. அன்று ராத்திரி அங்கேயே தங்கச் சொன்னார்கள், தங்கினேன். தவலையை என்னோடு எடுத்துப் போனால்தான் தன் மனம் ஆறும் என்று பாக்கியத்தம்மாள் ஒரே பிடிவாதம் பிடித்தாள்.

கடைமுகத்தன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் நானும் தவலையும் ஏறினோம். பாதி தூரத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரும் ஏற்கெனவே வெடித்ததுதான் என்பது இறங்கிப் பார்த்த பிறகு தெரிந்தது. உச்சிப் பொழுதுக்குள் முழுகியாக வேண்டுமே என்று நான் ரஸ்தாவில் நின்று தவித்தேன். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுக்குப் போகிற லாரி ஒன்று வந்தது. டிரைவர் என் தவலையைப் பார்த்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற சமையல்காரர் என்று நினைத்துக்கொண்டார் போலும், "பந்திக்கு நேரமாச்சுன்னு சொல்லுங்க, ஏறுங்க" என்றார். நான் மறுக்கவில்லை. நெல் மூட்டை மேல் தவலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உமி கண்ணில் பறந்தது. லாரி திரும்புகிற இடத்தில் இறங்கி, ஒரு மாட்டு வண்டி பிடித்து, கொள்ளிடம் தாண்டி, அம்மா மண்டபம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

அத்தனை கூட்டத்திலும் சாஸ்திரிகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது."

"சொல்லுங்கோ."

சொல்ல வந்தால் நாக்கு எழவில்லை. பெற்ற தாயைப் போன்றவளைப் பெயர் சொல்லி அழைப்பதாவது. கூட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, "தையல்நாயகி" என்றேன். கேட்கவில்லை என்றார். இன்னும் உரக்கச் சொன்னேன். மந்திரம் முடிந்ததும் மூன்று தரம் முழுகினேன். தண்ணீர் குளிர்ச்சியாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. மூன்றாம் முழுக்கில் எழுந்தபோது அழுதுகொண்டிருந்தேன். எல்லார் முகமும் ஈரமாக இருக்கும் இடத்தில் அது ஒரு சௌகரியம்.

திரும்பும் வழியில் சுங்கச் சாவடியில் ஓர் அதிகாரி தவலைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய பாத்திரத்தில் ஒன்றும் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அதுதான் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

கண்டியில் மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தவலையை இறக்கி வைத்ததும் கீரைத் தட்டை நகர்த்திவிட்டு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புள்ளிகள் மேல் விரல் சரியாகப் போய் நின்றது.

"பாக்கியம் வச்சிருந்தாளா?"

"ஆமாம். உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. அம்மா மண்டபத்திலே, கடைமுகத்தன்னிக்கு, உங்க பேரைச் சொல்லி மூணு முழுக்குப் போட்டேன் அண்ணி." எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன பேரு சொன்னே?"

"தையல்நாயகி."

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கையைத் தவலை மேலிருந்து எடுக்கவும் இல்லை.

"அது எங்க அக்கா பேரு தம்பி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"என்னைவிட ரெண்டு வயசு பெரியவ. பத்து வயசுல வைசூரில போயிட்டா. அவ கல்யாணத்துக்குன்னு அம்மா ஒண்ணொண்ணா சேத்த பாத்திரம் இதெல்லாம். அவ போனப்பறம் எனக்குன்னு ஆச்சு. பேரை அழிக்க அம்மாவுக்கு மனசு வரல. எம் பேரைப் புதுசா வெட்டவும் இல்ல. பாக்கியம் வந்ததெல்லாம் அதுக்கப்புறம், அவளுக்குத் தெரியாது."

எங்கள் வீட்டுக் குடம், செம்பு, டம்ளர் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் வேறு ஒருவருக்குச் செய்துவிட்டு வந்திருந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணி."

"என்ன தப்பு? அவளுக்குன்னு யாரும் ஒரு முழுக்குப் போட்டதில்ல. நல்லதாப் போச்சு." தவலையை ஒரு தரம் தட்டினாள். "சின்னப் பொண்ணு, பாவம்."

அதற்குப் பிறகுதான் கேட்டேன். அந்தத் தந்திக் காகிதத்தில் எழுத முடியாமல் கிழித்த கேள்வியை, நேரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து.

"உங்க பேரு என்ன அண்ணி?"

அவள் முதலில் சிரித்தாள். "இத்தனை வயசுக்கு மேல அது எதுக்கு?" என்றாள். நான் விடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கீரைத்தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சௌந்தரம்" என்றாள், மெதுவாக. சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.